பள்ளிக்கூடத்தில் காய்கறித் தோட்டம்: கடலூர்ப் பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியில் தோட்டம் போடலாம் என்று முடிவானதும் எல்லாரும் முதலில் விதைக் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். விதை அப்புறம். முதலில் போக வேண்டிய இடம் சத்துணவுக் கூடம். வாரத்தில் எந்த நாள் கீரை சமைக்கத் தோதுப்படும், எந்தக் காயைப் பிள்ளைகள் தட்டில் ஒதுக்கி வைக்கிறார்கள், எதை அரிய நேரம் போதவில்லை என்று அங்கே சமைக்கிற அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு பேருக்கு முருங்கைக்கீரை உருவ வேண்டுமென்றால் காலைப்பொழுது முழுக்க அதற்கே போய்விடும். தண்டுக்கீரை என்றால் அலசிப் பொடியாக அரிந்து உலையில் போட்டுவிடலாம். இந்த வித்தியாசம் சமைக்கிறவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் போட்ட தோட்டத்தில் விளைந்தது கடைசியில் ஆசிரியர்கள் வீட்டுக்குப் பை பையாகப் போவதைத்தான் பார்க்கலாம்.

கடலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராகவோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோராகவோ, ஊர் இளைஞராகவோ இருந்து, இதற்கு முன் தோட்டம் போட்டுப் பழக்கம் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதுச்சேரிப் பக்கத்தவர்களுக்கும் மண்ணும் மழையும் ஏறக்குறைய இதேதான். ஆனால் வெளியே சமைத்து வண்டியில் சாப்பாடு வந்து இறங்குகிற பள்ளி என்றால் விளைச்சலைச் சமையலறைக்குக் கொடுக்க வழியில்லை. அங்கே பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போவது போலத் திட்டமிட வேண்டும்.

ஆட்களைச் சேர்ப்பது

தலைமை ஆசிரியரின் சம்மதம் வேண்டும், அது எல்லாருக்கும் தெரியும். அதோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் தோட்டம் நிற்க வேண்டும் என்றால் எழுத்தில் ஏதாவது இருந்தாக வேண்டும்.

அப்புறம் ஊராட்சித் தலைவர், சத்துணவு அமைப்பாளர், ஊரில் இன்னமும் வயலில் இறங்குகிற ஒரு விவசாயி, ஒரு மகளிர் குழு. வேலிக்கும் உரக்குழிக்கும் ஆள் வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைக் கூட்டங்களில் எழுந்து கேளுங்கள், ஊராட்சி வேலைகளில் சேர்க்க முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டாலும், பள்ளியில் தோட்டம் போடுகிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு சாணம் வேண்டும், வைக்கோல் வேண்டும் என்று கேட்கப் போகும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இவர்களையெல்லாம் விட முக்கியமானவர் ஒருவர் உண்டு: பள்ளிக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவர். சனி, ஞாயிறு தண்ணீர் விடுவது, ஆடு நுழைந்தால் விரட்டுவது, பொங்கல் விடுமுறையில் ஒரு எட்டு வந்து பார்ப்பது எல்லாம் அவரால்தான் முடியும். பள்ளிக்கு ஆண்டில் நூறு நாளுக்கு மேல் விடுமுறை. செடிக்கு அப்படி விடுமுறை கிடையாது. எனவே தோட்டக் கதவின் சாவி ஒன்று அந்த வீட்டில் இருக்கட்டும். பதிலுக்கு அவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். விடுமுறை நாட்களில் பறிக்கிற காய்கறி அவருக்கு என்று வைத்துக்கொண்டால் போதும், சண்டை வராது. இதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நல்லது. வாய்ப்பேச்சாக விட்டால், "பள்ளிக்கூடத்துக் காயை அவங்க தூக்கிட்டுப் போறாங்க" என்று யாராவது கிளப்பிவிடுவார்கள்.

எவ்வளவு இடம், எவ்வளவு விளையும்

மதிய உணவுத் திட்டத்தின் விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி, நடுநிலை வகுப்புகளுக்கு 75 கிராம். நூறு பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி என்றால் தினமும் 5 கிலோ. இதை முழுக்கத் தோட்டத்திலிருந்தே எடுப்போம் என்று கிளம்பினால் மூன்றாவது மாதமே அலுத்துவிடும். வாரத்தில் ஒரு நாள் தோட்டத்துக் கீரை என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு கைக்குள் நிற்கும்.

3 அடி அகலம், 10 அடி நீளப் பாத்தி ஏறக்குறைய 2.8 சதுர மீட்டர். ஓரளவு நல்ல மண்ணில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கீரை வரும். ஆக ஒரு பாத்திக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ, ஒரு நாள் சமையலுக்கு இரண்டு பாத்தி. முளைக்கீரையும் சிறுகீரையும் 21 முதல் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். வாரம் இரண்டு பாத்தி வீதம் நான்கு வாரம் விதைத்தால் மொத்தம் எட்டுப் பாத்தி. ஐந்தாவது வாரம் முதல் பாத்தியைப் பறித்துவிட்டு அதிலேயே மறுபடி விதைக்கலாம். எட்டுப் பாத்தி 240 சதுர அடி. நடைபாதையையும் சேர்த்தால் ஒரு சென்ட், அதாவது 435 சதுர அடிக்குள் அடங்கிவிடும். காய்கறிக்கு இன்னொரு சென்ட். முதல் ஆண்டுக்கு இது போதும். பத்து சென்ட் சும்மா கிடக்கிறதே என்று முழுவதையும் கொத்திவிட்டால் களை எடுக்க ஆள் கிடைக்காது.

பாத்தியின் அகலம் 3 அடியைத் தாண்டக் கூடாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஓரத்தில் உட்கார்ந்து கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். எட்டாவிட்டால் பாத்திக்குள் காலை வைத்துவிடும், மண் இறுகிப் போகும். இரண்டு பாத்திக்கு நடுவே ஒன்றரை அடி நடைபாதை விடுங்கள்.

மண்ணும் தண்ணீரும்

ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடம் வேண்டும். வேப்பமரத்து நிழல் பிள்ளைகள் உட்கார நன்றாக இருக்கும், கத்தரிக்கு ஆகாது. கட்டடம் கட்டியபோது கொட்டிய செங்கல், சிமெண்ட், சுண்ணாம்புக் கழிவு பள்ளி வளாகங்களில் மண்ணுக்குள் புதைந்திருப்பது சகஜம். ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

நம் மாவட்டத்தில் மண் ஊருக்கு ஊர் மாறும். கடலோரம் மணல், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் செம்மண், சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் களி. மணலில் தண்ணீர் நிற்காது, உரமும் நிற்காது. மட்கிய உரமும் ஏரி வண்டல் மண்ணும் கலந்தால்தான் பிடிக்கும். பாத்தியை அரை அடிக்கு மேல் உயர்த்தினால் சீக்கிரம் காய்ந்துவிடும். களியில் இதற்கு நேர்மாறு. ஒரு அடியாவது உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசியில் வேர் அழுகிவிடும். செம்மண்தான் வேலை வாங்காத மண். மேலே மூடாக்கு, அதாவது சருகோ வைக்கோலோ பரப்பி மண்ணை மூடுவது, போட்டால் போதும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் நிலக்கடலைத் தொலி கிடைக்கும். மூடாக்குக்கு அதைவிடத் தோதான பொருள் இல்லை. சவுக்குச் சருகு கடலோரத்தில் நிறையக் கிடைத்தாலும் மட்க வெகுநாள் ஆகும். அதை நடைபாதையில் பரப்புங்கள்.

மண் பரிசோதனை கட்டாயம். வெயில் காலத்தில் மண் காய்ந்திருக்கும்போது ஏழெட்டு இடத்தில் மேல் குப்பையை விலக்கி, அரையடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவத்தில் குழி வெட்டி, குழியின் ஓரத்தை மேலிருந்து கீழாக ஒரு விரல் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்கு கூறு போட்டு, எதிரெதிர்க் கூறு இரண்டை விட்டுவிட்டு மீதியை மறுபடி கலக்க வேண்டும். அரை கிலோ அளவுக்கு வரும் வரை இப்படியே குறைத்துத் துணிப்பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். இந்த வேலையை எட்டாம் வகுப்பு அறிவியல் பாடமாகவே நடத்திவிடலாம். கடலூரில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

மண்ணோடு போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுங்கள். கடலை ஒட்டிய ஊர்களில் தண்ணீர் உவர்ப்பாக இருக்கலாம். ஓரளவு உவர்ப்பைக் கொத்தவரை தாங்கும், பீன்ஸ் தாங்காது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் மாசுபட்டிருப்பதாகப் பல ஆண்டுகளாகவே புகார் உண்டு. சாதாரணப் பரிசோதனையில் உப்பும் கார அமில நிலையும்தான் தெரியும், கன உலோகம் தெரியாது. அந்தப் பக்கத்துப் பள்ளிகள் ஊராட்சிக் குழாய்த் தண்ணீரையும் கூரையில் பிடிக்கும் மழைநீரையும் மட்டும் பயன்படுத்துவது உத்தமம். பிள்ளைகள் சாப்பிடுகிற கீரை விஷயத்தில் துணிந்து பார்க்க எதுவும் இல்லை.

அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் இரண்டையும் அப்படியே பாத்திக்கு விடலாம். தட்டு கழுவுகிற தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் இருக்கும். அதை வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்புங்கள். கை கழுவும் குழாயடியில் நான்கு வாழை நின்றால் கொசுத் தொல்லையும் குறையும்.

வேலி

ஆடு இல்லாத ஊர் கிடையாது. வேலி போடாமல் விதைக்க வேண்டாம். சவுக்குக் கழி நட்டு வலை கட்டுவது சட்டென்று முடிகிற வேலை. அதை ஒட்டியே கிளுவைப் போத்தும் (கிளைத் துண்டு) நொச்சியும் ஆடாதொடையும் நட்டுவிட்டால், வலை கிழிவதற்குள் உயிர்வேலி எழுந்துவிடும். நொச்சியையும் ஆடாதொடையையும் ஆடு தொடாது. வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போடுவது மட்டும் பள்ளியில் வேண்டாம், பிள்ளைகள் காலில் ஏறும்.

எப்போது விதைப்பது

பொதுவான தோட்டப் புத்தகங்கள் நமக்குக் காலை வாருவது இந்த இடத்தில்தான். "ஆண்டு முழுவதும் காய்கறி" என்று அட்டவணை போட்டிருப்பார்கள். கடலூர், புதுச்சேரிக் கரையில் பள்ளித் தோட்டத்துக்கு ஆண்டில் இரண்டே பட்டம்தான், அதாவது இரண்டே விதைப்புப் பருவம்: ஆடி முதல் புரட்டாசி வரை ஒன்று, தை முதல் பங்குனி வரை இன்னொன்று. இடையில் வடகிழக்குப் பருவமழை. கடைசியில் மே மாத வெயிலும் கோடை விடுமுறையும். இந்த இரண்டு இடைவெளியிலும் பாத்திகளை ஓய்வாக விட்டுவிடுவது தோல்வி ஆகாது, அப்படித்தான் திட்டமே போட வேண்டும்.

பள்ளி திறந்ததும் ஜூன் மாதம் முழுக்க ஆளைப் பிடிப்பது, மண் பார்ப்பது, பாத்தி போடுவது, வேலி கட்டுவது. ஒன்றை மட்டும் ஜூனிலேயே விதைக்க வேண்டும்: கத்தரி நாற்று. நாற்று தயாராக 30 முதல் 35 நாள் ஆகும். ஆடி பிறந்ததும் பிடுங்கி இரண்டடிக்கு ஒன்றாக நட்டால் செப்டம்பரில் காய் வரும். வெண்டையும் கொத்தவரையும் ஆடியில் நேரடி விதைப்பு. வெண்டை விதையை முதல் நாள் இரவே ஊறவைத்து, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு ஊன்ற வேண்டும். 45 நாளில் காய். ஆடிப்பெருக்கு அன்று விதைப்பதைப் பள்ளி விழாவாகவே வைத்துக்கொண்டால் பெற்றோர் வருவார்கள், வரும்போது வீட்டிலிருந்து விதையும் கொண்டுவருவார்கள்.

வெண்டையில் பள்ளிக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டிய காய் அது. வெள்ளிக்கிழமை மதியம் பறிக்காமல் போனால் திங்கட்கிழமை முற்றி நாராகிவிடும். கொத்தவரையும் கத்தரியும் இரண்டு நாள் பொறுக்கும். பூசணி மாதக்கணக்கில் பொறுக்கும். ஆடியில் வேலியோரம் நான்கு குழி பூசணி போட்டு, காய்க்கு அடியில் வைக்கோல் வைத்துக் காப்பாற்றிவிட்டால், பறித்து உலர்ந்த அறையில் வைத்திருந்து பள்ளிப் பொங்கல் விழாவுக்கே கூட்டு வைக்கலாம்.

பீர்க்கன், புடலைக்கு உயரப் பந்தல் போடும் ஆசை எல்லாருக்கும் வரும். முதல் ஆண்டு வேண்டாம். ஆடியில் விதைத்தால் நிறையக் காய்க்கும் நேரத்தில் புயல் வந்து நிற்கும். ஆசைக்கு இரண்டு கொடியை வேலியில் ஏற்றிவிடுங்கள்.

அக்டோபர் நடுவில் மழை தொடங்குவதற்குள் கீரைப் பாத்திகளைக் காலி செய்துவிட்டு, சருகு மூடாக்கைக் கனமாகப் போட்டு விட்டுவிட வேண்டும். மார்கழி கழிந்து தை பிறந்ததும் தொடங்குவதுதான் நமக்கு அருமையான பட்டம். பனியும் இளவெயிலும் சேர்ந்த காலம். கீரை, முள்ளங்கி, தக்காளி, கொத்தமல்லி எல்லாமே வரும். பூச்சியும் குறைவு. வாரம் ஒரு நாள் கீரை என்ற கணக்கு தடையில்லாமல் ஓடுவது தையிலிருந்து பங்குனி வரைக்கும்தான். முதல் முறை போடுகிறவர்கள் ஆடியை ஒத்திகையாகவும் தையை முழு ஆட்டமாகவும் வைத்துக்கொண்டால் மனம் சோராது.

பாத்திகள் ஓய்வில் இருக்கும் மாதங்களில் கைகொடுப்பவை மரப்பயிர்கள்: முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, அகத்தி, வாழை. கறிவேப்பிலை இரண்டு செடி இருந்தாலே சமைக்கிற அக்கா தோட்டத்தின் கட்சிக்கு வந்துவிடுவார். முருங்கையைத் தண்ணீர் நிற்காத மேட்டில், வகுப்பறை ஜன்னலிலிருந்து தள்ளி நடுங்கள். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பியிருக்கும், பிள்ளைகள் மேல் பட்டால் தடிப்பும் அரிப்பும்தான். பி.கே.எம்.1 என்ற முருங்கை ரகத்தை விதை போட்டு வளர்த்தால் இரண்டரை அடியில் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளை விட்டு, கீரை பறிக்கிற உயரத்திலேயே நிற்கும்.

விதைக்கும் நாற்றுக்கும் கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில் பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பாலூர் 1 கத்தரி அங்கே உருவானதுதான். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போகலாம், எழுத்து மூலம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டையில்.

கீரை விதைக்கிற முறை

முதல் பாத்தி பொய்த்துப் போவது பெரும்பாலும் விதைப்பில்தான், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கீரை விதை கடுகை விடச் சிறியது. பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டிவிடுவார்கள். 30 சதுர அடிப் பாத்திக்கு ஒரு டீஸ்பூனுக்கும் குறைவான விதை போதும். அதை இரண்டு கைப்பிடி காய்ந்த மணலோடு நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். மண் கட்டியில்லாமல் பொடியாக இருக்க வேண்டும். மேலே மட்கிய உரத்தை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, கையால் தடவிச் சமப்படுத்துங்கள். மணல் கலந்த விதையில் பாதியைப் பாத்தியின் நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் தூவச் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து தூவினால் சீராக விழும். மண்ணைப் போட்டு மூட வேண்டாம். உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டு, மண் அங்கங்கே தெரிகிற அளவு மெல்லிசாக வைக்கோலைப் பரப்புங்கள்.

அடுத்த எதிரி எறும்பு. ஒரே ராத்திரியில் பாத்தி விதை முழுவதையும் புற்றுக்குக் கொண்டுபோய்விடும். பாத்தியைச் சுற்றிலும் ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய்யோ ரவையோ தூவிவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு போகும், நம் விதை தப்பும். தண்ணீரைப் பூவாளியில்தான் விட வேண்டும். குழாயைத் திருப்பினால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். காலை ஒரு தரம், மாலை ஒரு தரம். நான்காம் நாள் ஐந்தாம் நாள் சிவப்பாகவோ பச்சையாகவோ ஊசிமுனை மாதிரி எழும்பும். அன்றைக்கு வைக்கோலை எடுத்துவிட வேண்டும். நெருக்கமாக முளைத்திருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் கலைத்து எடுங்கள், கலைத்து எடுத்த செடியும் கீரைதான், வீணில்லை.

உரம், பூச்சி

சத்துணவுக் கூடத்துக் காய்த்தோல், முட்டை ஓடு, மரத்தடிச் சருகு, மாட்டுச் சாணம். உரக்குழிக்கு இவை போதும். பச்சைக் கழிவு ஒரு பங்கு என்றால் சருகு மூன்று பங்கு போட்டால் நாற்றம் வராது. சாம்பார் ஊற்றிய மிச்சச் சோற்றைக் குழியில் கொட்டாதீர்கள், எலியும் பெருச்சாளியும் வரும், அதன் பின்னாலேயே பாம்பு வரும். குழியைக் கிளறுவதும் மூடாக்கை விலக்குவதும் பெரியவர் வேலை, அதுவும் கையால் கூடாது, கொம்பு வைத்துத்தான்.

பச்சைச் சாணத்தையோ பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் போன்ற சாணக் கரைசல்களையோ பள்ளியில் கீரைப் பாத்திக்கு விட நான் சம்மதிக்க மாட்டேன். வயலுக்கு அவை சரி. இருபது நாளில் பறித்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் போடுகிற இலைக்கு நன்றாக மட்கிய உரமே போதும்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். அரைக் கிலோ கொட்டையை இடித்து, பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். வெண்டையில் இலை மஞ்சள் வலைபோல நரம்போடினால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிர் நோய். மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். கத்தரியில் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளி எடுத்து நசுக்குங்கள். பிள்ளைகளுக்கு இது பிடித்த வேலை. பார்த்தீனியம் என்ற களை முளைத்திருந்தால் அதை மட்டும் அவர்கள் தொட வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை

வகுப்பு வாரியாக, பெயர் எழுதி, சுவரில் ஒட்டிய முறைப்பட்டியல் வேண்டும். தண்ணீர், களை, பறிப்பு, சாணம் சுமப்பது, கூட்டுவது எல்லாம் எல்லாருக்கும் சுழன்று வர வேண்டும். பட்டியல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு தெருப் பிள்ளைகளே சாணம் அள்ளுவார்கள், பெண் பிள்ளைகளே கூட்டுவார்கள், பையன்கள் பூவாளியைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள். தண்டனையாகக் களை பிடுங்க அனுப்பும் வழக்கமும் கூடாது. பாடவேளையில் வாரம் ஒரு மணி நேரம் போதும். கடப்பாரை, மண்வெட்டி வேலை பெற்றோருடையது. மாதம் ஒரு சனிக்கிழமை அதற்கென்று வைத்துக்கொண்டு, அன்றைக்குத் தோட்டத்தில் பறித்ததையே சமைத்து எல்லாருமாகச் சாப்பிட்டால் அடுத்த மாதம் கூப்பிடாமலே வருவார்கள்.

பறித்ததை நிறுத்து, தேதி, பாத்தி எண், எடை மூன்றையும் ஒரு நோட்டில் பிள்ளைகளே எழுதட்டும். கீரையை மூன்று தண்ணீரில் அலச வேண்டும், பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

புயலும் வெள்ளமும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், அதன் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எல்லாம் பார்த்தாயிற்று. எனவே புயல் வரும் என்று வைத்தே வேலை செய்ய வேண்டும். ஐப்பசி பிறந்ததும் முருங்கைக் கிளைகளைக் கழித்து உயரத்தைக் குறையுங்கள், காற்றுக்கு ஒடிகிற மரம் அது. வாழைக்கும் பப்பாளிக்கும் சவுக்குக் கழி முட்டுக் கொடுங்கள். வடிகால் வாய்க்காலைத் தூர் எடுங்கள்.

வெள்ளம் பாத்திக்குள் வந்து நின்றுவிட்டால், சாக்கடைத் தண்ணீர் கலந்திருக்கும் என்றே கொள்ள வேண்டும். அதில் நின்ற கீரையை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் சமைக்க வேண்டாம், உரக்குழியில் போட்டுவிடுங்கள். மண் காய்ந்து, மேலே புது உரம் போட்டு, தையில் விதைக்கலாம்.

ஏப்ரல், மே

கடைசிக் கீரையைத் தேர்வுகளுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை ஒவ்வொன்றிலும் நல்ல செடியாக இரண்டு மூன்றைப் பறிக்காமல் விட்டு விதைக்கு முற்ற விட வேண்டும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் விதை எடுத்துப் பயனில்லை, தாய்ச்செடி மாதிரி வராது. அதனால்தான் பெற்றோர் கொண்டுவரும் வீட்டு விதைக்கு முதலிடம் கொடுக்கச் சொல்கிறேன். காயை நிழலில் உலர்த்தி, உதிர்த்து, சாம்பல் கலந்து, மூடி இறுகிய பாட்டிலில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள்.

பாத்திகளுக்குச் சருகும் தொலியும் கனமாகப் போட்டுவிட்டால் மே மாதம் தண்ணீர் விட வேண்டியது மரப்பயிர்களுக்கு மட்டும்தான். வாரம் இரண்டு தரம் போதும். எந்த வாரம் யார் என்று ஐந்து வீட்டின் பெயரை எழுதி, கடைசிப் பள்ளி நாளுக்குள் எதிர்வீட்டில் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். விதை பாட்டில்களும் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி அறையில் வைத்தால் எலி தின்றுவிடும்.